ஒரு சொம்பு வெந்நீர்

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து வண்டித் தடத்தில் உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊரில்தான் என் மூத்த மகள் பிறந்தாள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் பஸ்ஸின் ஹாரன் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். என் கணவர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். எனக்கு அப்போது இருபது வயதுகூட முடியவில்லை.

முறைப்படி தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். என் ஊர் மத்தூர்ப் பக்கம். ஆனால் எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னாலேயே அம்மா போய்விட்டார். அப்பாவும் கல்யாணமாகாத அண்ணனும் மட்டும் இருக்கிற வீட்டில் யார் எனக்கு வெந்நீர் வைப்பது, யார் பிள்ளையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவது? அதனால் புகுந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். அங்கே என்ன கூத்து என்றால், என் மாமியாரும் அப்போது முழுகாமல் இருந்தார்.

இப்போது சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் இது ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகளில் நடப்பதுதான். என் மாமியாருக்கு நாற்பது வயது ஆகியிருக்காது. என் கணவர் மூத்தவர். அவருக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அப்புறம் இரண்டு பெண்கள், பாவாடை கட்டிக்கொண்டு மாடு ஓட்டும் வயதில் இருந்தார்கள். மருமகள் வந்த பிறகு தனக்கும் வயிறு தெரிகிறதே என்று அவருக்கு ஒரே வெட்கம். யாராவது வீட்டுக்கு வந்தால் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இல்லாத கல்லைப் பொறுக்குவார். எனக்குச் சிரிப்பாக வரும். அடக்கிக்கொள்வேன்.

அவருக்கு முதலில் பிறந்தது, ஆண் பிள்ளை. பத்துப் பதினைந்து நாள் கழித்து எனக்குப் பெண். இரண்டு பேருக்கும் ஒரே உள் அறை. சுவர் ஓரமாக அவர் பாய், கதவு ஓரமாக என் பாய், நடுவில் தணல் சட்டி. ஒரே ஜன்னல், அதுவும் சாக்குப் போட்டு மூடியது. காதில் பஞ்சு, தலையில் துணிக்கட்டு, வயிற்றைச் சுற்றிப் பழைய சேலை. மாமியாரும் மருமகளும் அந்தக் கோலத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எங்கள் இரண்டு பேரையும் கவனித்துக்கொண்டது மாமனாரின் அக்கா. நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன், மாமியார் அண்ணி என்பார். ஓசூரைத் தாண்டி ஒரு கன்னடக்கார ஊரில் வாழ்க்கைப்பட்டு, சின்ன வயதிலேயே கணவர் தவறிவிட, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். கோபமோ பயமோ வந்தால் கன்னடம்தான் வாயில் வரும். பிள்ளை பெற்றவளை அங்கே பாணந்தி என்பார்களாம். எங்களையும் அப்படித்தான் சொல்வார். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் மருந்து இடிக்க வேண்டும், இரண்டு குழந்தைகளையும் குளிப்பாட்ட வேண்டும், துணி அலச வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். மாட்டுக்குத்தான் தண்ணீர். எங்களுக்குக் கிடையாது.

பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் ஜன்னி வரும், வயிறு பானையாகும், குழந்தைக்குச் சளி கட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எங்கள் ஊரிலும் அதுதான் பேச்சு. மருந்து உருண்டை விழுங்க ஒரு வாய், சாப்பாட்டுக்குப் பிறகு நாக்கை நனைக்க ஒரு வாய், அவ்வளவுதான். சாப்பாடோ பூண்டும் மிளகும் அரைத்து ஊற்றிய குழம்பு. அதைச் சாப்பிட்டுவிட்டுத் தணல் சட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் தொண்டை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உதடு வெடித்து, பேசினால் ரத்தம் வரும்.

ஆனாலும் நான் கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்பார்கள்? எனக்குப் பிடிவாதம் அதிகம். தாயில்லாப் பெண், யாரும் சொல்லிக்கொடுத்து வளர்க்கவில்லை என்று ஒருவர் வாயில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு. பெரியம்மாவும் அதற்குத் தீனி போட்டார். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டிச் சொல்வார்.

“பாணந்தின்னா இவ பாணந்தி. வாயத் தொறந்து ஒரு சொட்டுத் தண்ணி கேட்டிருப்பாளா? அவ மாமியாக்காரி இருக்காளே, இத்தினி புள்ள பெத்தும் இன்னும் மூஞ்சியச் சுளிக்கிறா.”

மாமியார் தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு அன்றைக்கு முழுக்கத் தாகம் தெரியாது. பாராட்டுக்கு அப்படி ஒரு சக்தி உண்டு.

என் மகளையும் அப்படித்தான் பாராட்டினார்கள். மாமியாரின் பையன் வீட்டையே கூட்டுவான். பசித்தால் ஒரு கத்தல், நனைத்தால் ஒரு கத்தல். அவன் துணி அரை மணிக்கு ஒரு தரம் மாற வேண்டும். “இவன் மூத்திரத்துல அரை ஏக்கர் கேவுரு வெளையும்” என்று பெரியம்மா அலுத்துக்கொள்வார். என் மகள் சத்தமே போட மாட்டாள். போட்டது போட்டபடி தூங்குவாள். அம்மா மாதிரியே பொறுமைசாலி என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பிப் பூரித்துப் போயிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம். பெரியம்மா வாசலில் கொடியில் துணி காயப்போட்டிருந்தார். கதவு திறந்திருந்ததால் உள்ளே இருந்தே கொடி தெரியும். மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று என்னிடம் கேட்டார்.

“கண்ணு, பச்ச சேலையக் கிழிச்ச துணிங்க பாப்பாவுதுதானே? ஒன்னுதான தொங்குது. மிச்சம் எங்க?”

மிச்சம் இல்லை. பையனின் துணி கொடி முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. என் மகளுடையது ஒன்றே ஒன்று. மாமியார் எழுந்து வந்து குழந்தைக்கு அடியிலிருந்த துணியை உருவிப் பார்த்தார். காலையில் போட்டது, அப்படியே மொடமொடவென்று இருந்தது. உச்சந்தலையைத் தடவினார். அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது. என் கையை எடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னார். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது.

“பால் இருக்குதா உனக்கு? உண்மையச் சொல்லு.”

வாயில் வைத்தால் சப்புகிறாள், கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறாள், வயிறு நிறைந்துதானே தூங்குகிறாள் என்று நினைத்தேன், என்றேன். சொல்லச் சொல்லவே எனக்குப் புரிந்துவிட்டது. என் மகள் பொறுமையாக இருக்கவில்லை. அழத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறாள்.

மாமியார் என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துத் தன் மார்பில் போட்டுக்கொண்டார். அவள் வாயே திறக்கவில்லை. இவர் பாலைப் பீய்ச்சி உதட்டில் விட்டார். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. நாக்கு அசைந்தது. அப்புறம் மெல்லப் பிடித்துக்கொண்டாள். அந்த அறையில் தொண்டையில் பால் இறங்குகிற சத்தம் கேட்டது. நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பாட்டியின் பாலைப் பேத்தி குடித்தாள். பக்கத்தில் அவளைவிடப் பத்துப் பதினைந்து நாள் மூத்த சித்தப்பா, தன் பங்கு போகிறதே என்று வீறிட்டுக் கத்தினான். அவன் கத்தியதற்கும் நியாயம் இருந்தது. இரண்டு பேருக்கும் எத்தனை நாள் அவரால் கொடுக்க முடியும்? நாற்பதை நெருங்குகிற உடம்பு. எனக்குப் பால் ஊறினால்தான் என் மகள் பிழைப்பாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் தலைக்கு ஊற்றும் நாள். கொல்லையில் ஓலைத் தட்டி கட்டி, உள்ளே ஒரு கல் போட்டிருக்கும். பெரியம்மா அண்டாவில் வெந்நீரைக் கொதிக்க வைத்து, பொறுக்க முடியாத சூட்டில் இடுப்பிலும் முதுகிலும் அறைகிற மாதிரி ஊற்றுவார். முதலில் மாமியாருக்கு ஊற்றினார், அப்புறம் எனக்கு. முடித்துவிட்டு, தலைக்குப் புகை போடச் சாம்பிராணி எடுத்து வர வீட்டுக்குள் போனார். சீயக்காய் கண்ணில் பட்டால் கழுவிக்கொள்ள என்று ஒரு சொம்பில் வெந்நீரைத் தனியாக வைத்துவிட்டுப் போவது வழக்கம். மாமியார் அந்தச் சொம்பை எடுத்தார். கண்ணைக் கழுவவில்லை. ஊதி ஊதி, மடக் மடக்கென்று பாதியைக் குடித்தார். மீதியை என் பக்கம் நீட்டினார்.

நான் பயந்துபோய்க் கல்லிலிருந்து எழுந்துவிட்டேன்.

“குடி கண்ணு. அண்ணி வர்றதுக்குள்ள குடி.”

“செத்துப் போயிருவோம் அத்தே!”

“மூணு புள்ளையா குடிச்சிட்டுத்தான் இருக்கறேன். செத்தா போயிட்டேன்?”

அவசர அவசரமாகச் சொன்னார். என் கணவருக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகளுக்கும் அவருக்குப் பால் சரியாக ஊறவே இல்லையாம். அதில் ஒன்று, ஒரு மாதம் ஆவதற்கு முன்பே போய்விட்டது. இன்னொன்று கொஞ்ச நாள் மாட்டுப் பாலில் இழுத்துக்கொண்டு இருந்தது. அடுத்த பிரசவத்தில், இதே தட்டிக்குள், தாகம் தாங்காமல் ஒருநாள் இந்தச் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டாராம். இரண்டு நாள் பயத்திலேயே கிடந்தாராம். ஒன்றும் ஆகவில்லை. பால் மட்டும் ரவிக்கையை நனைத்தது. அதிலிருந்து தலைக்கு ஊற்றுகிற நாளில் இது, நடுவில் கிடைக்கும்போது மருந்துத் தண்ணீரில் இரண்டு வாய் கூடுதலாக. அந்தப் பெண்கள் இரண்டும் நிலைத்தன. தண்ணீர்தான் காரணமா என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் நம்பினார்.

இத்தனை நாள் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

“நீதான் ஊரு மெச்சுற பாணந்தியாச்சே. அண்ணிகிட்டப் போய்ச் சொல்லிருவியோன்னு பயந்துகினு இருந்தேன்.”

மாமியார் மருமகளுக்குப் பயந்த கதை எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும்.

அப்போதும் நான் சொம்பை வாங்கவில்லை. திருட்டுத்தனமாகக் குடிக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. பயம் ஒரு பக்கம், என் பிடிவாதம் ஒரு பக்கம். பெரியம்மா இத்தனை பாடுபடுகிறார், அவரை ஏமாற்றி எப்படிக் குடிப்பது? நல்லது என்றால் அவரிடம் சொல்லுங்கள், அவர் கையால் கொடுத்தால் குடிக்கிறேன், அந்த அம்மாவுக்கு அப்படி என்ன பயந்து சாவது, என்று கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டேன்.

மாமியார் ஈரத் தலையோடு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவங்களுக்குப் பயந்து இல்லை, என்றார். அப்போதுதான் எனக்கு அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் தெரிந்தது.

பெரியம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாராம். மாமனாருக்கும் அவர் அக்காதான். தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்கு வந்தவர். இதே உள் அறை. கோடைக்காலம். பிள்ளை பெற்ற இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தண்ணீர் தண்ணீர் என்று அக்காவின் காலைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். பெரியம்மாவுக்கு அப்போது என் வயதுதான் இருக்கும். மனசு கேட்காமல், யாருக்கும் தெரியாமல் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அடுத்த நாள் காய்ச்சல். அது விடவே இல்லை. தங்கையும் போய், குழந்தையும் போய்விட்டது.

“அண்ணி கொடுத்தாங்கன்னு ஊருக்குத் தெரியாது. உங்க மாமனுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். நான் குடிச்சிட்டு நல்லா இருக்கறேன்னு எந்த வாயால அவங்ககிட்டச் சொல்றது? அதான் ஒளிச்சே குடிச்சிட்டேன்.”

அந்த அம்மா நாள் முழுக்க எங்கள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை நான் பாசம் என்று மட்டும் நினைத்திருந்தேன். பெரியம்மா சாம்பிராணிப் புகையோடு வந்துவிட்டார். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி தலையைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு மத்தியானம் மாமியார் மறுபடி என் மகளை எடுத்துப் பால் கொடுத்தார். பையனுக்குப் போதவில்லை. அவன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அந்த நேரத்தில் பெரியம்மா சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். மாமியார் தட்டைத் தொடவில்லை.

“அண்ணி, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க.”

எல்லாவற்றையும் சொன்னார். தலை குனிந்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தாமல் சொன்னார். பெரியம்மா முதலில் ஏதோ விளையாட்டு என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

“எந்தத் தண்ணி? நான் காய வச்ச தண்ணியா? என் கையாலயா?”

“ஆமா அண்ணி. நீங்க வெச்சதுதான். மூணு புள்ளைக்கும்.”

“பேடா… அய்யோ தேவரே, பேடா…” என்று வேண்டாம் வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே அவர் எழுந்து வெளியே போய்விட்டார். தண்ணீர்க் குடம் இடுப்பில் இல்லாமல் அவர் கிணற்றுப் பக்கம் போனதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மாடு கத்தியது. அடுப்பு அணைந்தது. சின்ன நாத்தனார் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, அத்தை கிணற்று மேட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால் பேசவில்லை என்றாள். மாமியார் அழுதார். என் வாயால்தான் இத்தனையும் வந்தது. நடுவில் என் மகள் கிடந்தாள். கண்ணைத் திறந்திருந்தாள், ஆனால் எதையும் பார்க்கிற மாதிரி இல்லை.

மாமனார் காட்டிலிருந்து வந்து, விஷயம் கேட்டு, கிணற்று மேட்டுக்குப் போனார். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாராம். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது.

வெயில் தாழ்ந்த பிறகு பெரியம்மா வீட்டுக்குள் வரும் காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் அறைக்கு வரவில்லை. அடுப்பு மூட்டுகிற சத்தம், பானை வைக்கிற சத்தம். தண்ணீர் கொதிக்கிறது, கொதிக்கிறது, கொதித்துக்கொண்டே இருக்கிறது. சீரக வாசம் வந்தது. பாதிக்குப் பாதி சுண்டுகிற வரைக்கும் விட்டிருப்பார். அப்புறம் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். கையில் பித்தளைச் சொம்பு. துணி சுற்றிப் பிடித்திருந்தார்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய கை நடுங்கியது. பாய் மேலெல்லாம் தண்ணீர் சிந்தியது. சொம்பை என்னிடம் கொடுக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“அவளுக்கு ஏரித் தண்ணி கொடுத்தேன். கோடையில கிணறு வத்திக் கெடந்துச்சு. அப்பிடியே மோந்து கொடுத்தேன். இது கொதிச்சது. நல்லாக் கொதிச்சது.” என் மகள் பக்கம் பார்த்தார். “எனக்குத் தெரியாது கண்ணு. அதனாலயா, இதனாலயா, ஒன்னும் தெரியாது. காலையில குளிப்பாட்டறப்ப பாப்பா உச்சியத் தொட்டுப் பாத்தேன். அதான் கொண்டாந்துட்டேன். குடி.”

நான் குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்கும் பயம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியபோது உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியதே, அதை என் ஆயுசில் மறக்க மாட்டேன். வெடித்த உதட்டில் எரிந்தது. அதுகூட நன்றாக இருந்தது. சொம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். பெரியம்மா வெறும் சொம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் இன்னொரு சொம்பு. அதற்கப்புறம் இன்னொன்று. முற்பகலில் என் நெற்றியில் கை வைத்தவர் “சுடுது” என்று அலறிவிட்டார். உண்மையிலேயே உடம்பு கதகதவென்று இருந்தது. பெரியம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நானும் முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். அப்போது என் மாமியார், முறத்தை மடியில் வைத்து மறைந்துகொள்ளும் அந்த மாமியார், எழுந்து நின்று ஒரு அதட்டல் போட்டார்.

“நெருப்புக்குப் பக்கத்துல படுக்க வெச்சிட்டு நெத்தி சுடுதுன்னா, சுடாம என்ன பண்ணும்? அந்தச் சட்டியத் தூக்கி வெளிய வைங்க அண்ணி!”

ஜன்னல் சாக்கை அவரே பிடுங்கினார். வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன. தணல் சட்டி வெளியே போனது. நான் தலைக்கட்டை அவிழ்த்து வைத்தேன். நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் பெரியம்மா என் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்குள் உடம்பு ஆறிவிட்டது. ஒரு சூடும் இல்லை.

பால் அன்றைக்கே பொங்கிவிடவில்லை. கதையில் வேண்டுமானால் அப்படி வரும். என் மகளுக்கு இன்னும் இரண்டு நாள் மாமியார்தான் முக்கால் வயிறு நிரப்பினார். ஆனால் அவர் பால் குடித்துத் தெம்பு வர வர, அவள் என்னிடமும் பலமாக இழுத்துக் குடிக்க ஆரம்பித்தாள். நான் குடிக்கிற தண்ணீரும், அவள் இழுக்கிற இழுப்பும், பயம் தெளிந்த என் மனசும், எல்லாமாகச் சேர்ந்து எனக்கு ஊறியது. ஒருநாள் காலையில் அவள் வீறிட்டு அழுதாள். பெரியம்மா ஓடி வந்து துணியை உருவினார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதைப் பிழியாமல், கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலில் இருந்த மாமனாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்ததை நான் உள்ளே இருந்து பார்த்தேன்.

சனிக்கிழமை என் கணவர் வந்தபோது கொடியில் இடமே இல்லை. இத்தனை துணியா என்று மலைத்துப் போனார். தங்கச்சிகள் இரண்டும் நடந்ததை எல்லாம் கண் காது மூக்கு வைத்துச் சொன்னார்கள். அவர் உள்ளே வந்து மகளைப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்தார். பெங்களூரிலிருந்து வாங்கி வந்த பிஸ்கட் பொட்டலத்தை என் பாயில் வைக்காமல் அவர் அம்மாவின் பாயில் வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். பிறகு மாமியாரே பாதியைப் பிரித்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் பெரியம்மாவிடம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! முன்பு தண்ணீர் குடிக்கக் கூடாது என்று எவ்வளவு கண்டிப்போ, இப்போது குடிக்க வேண்டும் என்று அவ்வளவு கண்டிப்பு. பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் முதலில் சொம்பு வர வேண்டும். வயிறு முட்டுகிறது என்றாலும் விடமாட்டார். தன் கையால் கொதிக்க வைத்தால்தான் அவருக்கு நம்பிக்கை. அடுப்பில் எப்போதும் ஒரு பானை வெந்நீர் இருந்தது.

ஊரில் யாருக்குப் பிரசவம் என்றாலும் போவார். எல்லா வீட்டிலும் அவர் பேச்சு எடுபடவில்லை. ஒரு வீட்டில், பிள்ளை பெற்றவளைக் கொல்லப் பார்க்கிறாய் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சொல் அவரை எங்கே குத்தியிருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் வேறொரு வீட்டுக்குப் பானையோடு கிளம்பிவிட்டார். கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டார். அந்தப் பெண்ணின் தலைமாட்டிலேயே, நெற்றியைத் தொட்டுக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் கொஞ்சமாக இளம்பெண்கள் அவரைக் கேட்டு ஆள் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

நாங்கள் ஒரே நாளில் எல்லாம் தெரிந்தவர்கள் ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிற வழக்கம் அப்புறமும் வெகுநாள் இருந்தது. குழந்தைக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவதும் நிற்கவில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு நான் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட வந்தது பெரியம்மாதான். நர்ஸம்மா என்னைப் பார்த்து, தண்ணீர் எல்லாம் நன்றாகக் குடிக்கிறாயா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா, “அதெல்லாம் எங்க ஊட்ல எப்பவோ ஆரம்பிச்சாச்சும்மா” என்றார். அந்தக் குரலில் இருந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

என் மகளும் அவளுடைய சித்தப்பாவும் ஒன்றாகவே வளர்ந்தார்கள். ஒரே மார்பில் குடித்தவர்கள் என்பதாலோ என்னவோ, இன்றைக்கும் அவர்களுக்குள் சண்டை வந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடும். என் மாமியார் அதன் பிறகு யார் வந்தாலும் முறத்தைத் தேடியதில்லை.

எனக்கு வயது ஏற ஏற, அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நான் நினைக்கிற விதமும் மாறிக்கொண்டே வந்தது. அன்றைக்கு எனக்குத் தண்ணீர் பெரிதாகத் தெரிந்தது, என் மகள் பிழைத்தது பெரிதாகத் தெரிந்தது. எனக்கும் பேரன் பேத்தி பிறந்து, பயந்து பயந்து அவர்களைத் தூக்கிய பிறகுதான் பெரியம்மாவை நினைக்க ஆரம்பித்தேன். தங்கையைப் பறிகொடுத்த அதே அறைக்குள், அதே கையால், தெரியாது என்று சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு சொம்பு நீட்ட அவருக்கு எத்தனை தைரியம் வேண்டியிருந்திருக்கும்! என் மகள் இன்று நன்றாக இருக்கிறாள் என்றால், அந்த நடுங்கிய கை கடைசி வரைக்கும் சொம்பைக் கீழே வைக்காமல் இருந்ததால்தான்.